வானத்தின் நீலம்

வயல்களுக்கு மருந்து தெளிக்கும் அந்தச் சின்ன விமானம், கிளம்பிய கொஞ்ச நேரத்தில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் மூக்கைக் குத்தி நின்றது. மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓட்டிப்போனது அவன் அக்கா. பெட்ரோலைச் சோதித்து, "சுத்தம், போயிட்டு வாக்கா" என்று அனுப்பிவைத்தவன் அவன்.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். அக்கா தலையில் முட்டைக்கோஸ் இலையோடு, மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வெறும் சுளுக்குதான். மற்றபடி, வாய் உட்பட எல்லாம் நன்றாகவே வேலை செய்தது.

"எஞ்சின் ரெண்டு தடவ இருமிட்டு அணைஞ்சுபோச்சு. பெட்ரோலப் பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா. நீலமாத்தான் இருந்துச்சு."

விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். தண்ணீர் சேர்ந்தால் அது நிறமில்லாமல் அடியில் தங்கும், நடுவே கோடு தெரியும். அதைப் பார்க்கத்தான் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கிளாஸ் பிடிப்பது. இப்போதும் ஒன்று பிடித்து, வழக்கம்போல வானத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். நீலம்தான். கோடே இல்லை. அக்கா அதைப் பிடுங்கித் தன் வெள்ளைச் சட்டைமேல் வைத்தாள். நிறம் காணாமல் போயிற்று. மோந்து பார்த்தான், வாசனையும் இல்லை. மூடி சரியில்லாத பெட்ரோல் பீப்பாயில் இறங்கிய மழைத்தண்ணீர், கிளாஸ் முழுக்க. நீலம் வானத்துடையது.

அக்கா நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. "சரிங்க" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டிலும் பட்டறையிலும் ஒரே மரியாதைதான். "சாப்பிட வாங்க." "அந்த ஸ்பேனரக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?" பிறந்ததிலிருந்து அவனை டேய் என்று மட்டுமே கூப்பிட்ட அக்கா. அவள் கணவர் வேறு, "கட்டிக்கிட்ட எனக்கே இந்த மரியாதை கிடைச்சதில்ல மாப்ள" என்று கடுப்பேற்றினார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா தன்னை ஒரேயடியாக வேற்றாள் ஆக்கிவிட்டாள் என்று பயந்தான்.

விமானம் பழுது பார்த்து வந்தது. புதுப் பீப்பாயிலிருந்து நிரப்பி, தொட்டி தொட்டியாகக் கிளாஸ் பிடித்தான். வெள்ளைத் துணிமேல் வைத்துப் பார்த்தான், மோந்தான், விரலில் தொட்டுத் தேய்த்தான். அக்காவும் ஒரு கிளாஸ் வாங்கிப் பார்த்தாள். விமானத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவனுக்கு மனசு ஆறவில்லை. இன்னொன்று பிடித்தான். அதையும் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான்.

மேலிருந்து குரல் வந்தது.

"டேய், போதும்டா. பறக்கிறதுக்கும் கொஞ்சம் மிச்சம் வை."