சாலோமியின் கம்பளிப் பை

பாளையங்கோட்டை வெயிலில் கம்பளி நூலைத் தொடுகிறவர்களுக்குப் புத்தி சற்றுக் குறைவு என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஜெர்மன் சண்டை தொடங்கிய பிறகு எங்கள் சபைப் பெண்கள் எல்லாரும் அதைத்தான் தொட்டார்கள். சீமையிலிருந்து வரும் நூலை மிஷன் துரைசானியம்மாள் பங்கிட்டுக் கொடுப்பார். இவர்கள் பட்டாளத்துக்காரர்களுக்குக் காலுறை பின்னிக் கொடுப்பார்கள். மிஞ்சிய துண்டு நூலை அவரவரே வைத்துக்கொள்ளலாம். என் மனைவி சாலோமி எட்டு மாதமாக அந்தத் துண்டுகளை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுப் பெரிய உருண்டையாகச் சுற்றி வைத்தாள்.

பிறகு தடித்த மூங்கில் குச்சிகள் இரண்டைச் சீவிக்கொண்டு பின்ன ஆரம்பித்தாள். சாம்பலும் காக்கியுமாக வளர்ந்தது. கண்ணிக்குள் விரல் நுழையும், அத்தனை தளர்த்தி. அகலமோ அகலம். என் உடம்பும் அகலம்தான். ஆகவே எனக்குத்தான் ஸ்வெட்டர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மார்கழியில் கிறிஸ்மஸ் பஜனைக்கு அதைப் போட்டுக்கொண்டு வரப்போவதாக உபதேசியார் வேதமுத்துவிடம் பீற்றியும் விட்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் குழந்தை இறந்து பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கேட்பதும் சொல்வதும் குறைந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை நான் வீடு திரும்பியபோது பின்வாசலில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சாலோமியும் துணி வெளுக்கிற சுடலைவடிவும் என் ஸ்வெட்டருக்குச் சவுக்காரம் போட்டுக் கல்லில் தேய் தேய் என்று தேய்த்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் முக்கினார்கள். மறுபடி வெந்நீரில் போட்டார்கள். முழக்கணக்கில் இருந்தது சாண்கணக்கில் சுருங்கிக்கொண்டிருந்தது.

“ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா? என் ஸ்வெட்டர ஏன் நாசம் பண்ணுதே?”

“ஸ்வெட்டரா? யாரு சொன்னா?” என்றாள் சாலோமி நிமிராமல்.

சுடலைவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “வாத்தியாரய்யா, அன்னைக்கு ஒரு காலுறைய நான் தெரியாம கொதிக்க வச்சு, அது சுருங்கி இறுகிப்போச்சுல்லா? அதப் பாத்துட்டுத்தான் அம்மா இப்படிச் செய்யுதாவ. இது பை. லேசுல கிழியாது, தண்ணியும் இறங்காது.”

வேதமுத்துவின் முகம் கண்முன் வந்தது. என் மானம் கப்பலேறிவிட்டது.

“பை எதுக்கு? எங்கன போகப்போறே?”

சாலோமி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில மருத்துவச்சிப் படிப்பு சொல்லிக்கொடுக்காவ. ரெண்டு வருசம். புருசன் கையெழுத்துப் போட்டாத்தான் சேத்துக்கிடுவாவளாம்.”

“போட மாட்டேன்” என்று உள்ளே போய்விட்டேன். கோபம் என்றுதான் நினைத்தேன். உண்மையில் பயம். சிரிப்புச் சத்தமே இல்லாத இந்த வீட்டை விட்டுப் போகிறவள் எதற்காகத் திரும்பி வருவாள்?

திங்கட்கிழமை சாலோமி பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். பை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். ஒரு இழை அசையவில்லை. கண்ணிகளே தெரியாமல் எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, தடித்த ஒரே கம்பளமாக ஆகியிருந்தது.

அப்போதுதான் பையின் வாயைச் சுற்றி இரண்டு விரற்கடை வெள்ளை ஓடுவதைப் பார்த்தேன். பட்டாளத்துக் காலுறைக்கு வெள்ளை நூல் வருவதில்லை. எங்கள் வீட்டில் வெள்ளைக் கம்பளி இருந்தது ஒரே ஒரு பொருளில்தான். குழந்தைக்கென்று அவள் பின்னி வைத்திருந்த தொப்பி.

அப்போது அவளுக்கு மூன்று நாள் பிரசவ வலி. வந்த மருத்துவச்சிக்குக் குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பத் தெரியவில்லை. பெண் பிள்ளை. ஞானஸ்நானம் பெறாததால் பெயர் இல்லை, ஆராதனை இல்லை. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் நானே புதைத்துவிட்டு வந்தேன். சாலோமி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “கர்த்தருடைய சித்தம். இனி அதப் பத்திப் பேச வேண்டாம்” என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைப்பு. அவள் அழுகையைக் கேட்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

சாலோமி வந்தபோது நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தேன். பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தொப்பியப் பிரிச்சிட்டியா?”

“ஆமா. பெட்டிக்குள்ள கிடந்து பூச்சி அரிக்க ஆரம்பிச்சிட்டு. நான் போற இடத்துக்குக் கூடவே வரட்டும்னு நினைச்சேன்.”

“நீ திரும்பி வருவியா, சாலோமி?”

“இந்த ஊருப் பொம்பளையளுக்காகத்தானே படிக்கப் போறேன். வராம எங்கன போவேன்?” என்றாள். பிறகு, “நீங்களும் இங்கனதான இருக்கிய” என்றாள்.

விண்ணப்பத்தாளை எடுத்து வரச் சொன்னேன். என் கையெழுத்து அழகு என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நானே எல்லாவற்றையும் நிரப்பினேன். பெயர், வயது, சபை, கணவர் அருமைநாயகம், உபாத்தியாயர். அடுத்த வரி, பிள்ளைகள் எத்தனை, பெயர் என்ன என்று கேட்டது. பேனா நின்றது.

“இல்லைன்னு எழுதுங்க” என்றாள் பைய.

நான் ‘ஒன்று’ என்று எழுதினேன்.

“பேரு என்ன எழுதட்டும்? நீ என்ன நினைச்சு வச்சிருந்தே?”

அவள் பையை இழுத்து வெள்ளை விளிம்பை விரலால் தடவினாள்.

“ஞானசௌந்தரி.”

எழுதினேன். எழுத்துக் கோணலாகிவிட்டது.

“அந்தப் பேர இன்னொரு தரம் சொல்லட்டுமா?” என்று கேட்டாள்.

“சொல்லு” என்றேன்.