கிரூமின் மோதிர விரல்

சுஹோதோல் ஊர்க்காரன் கிரூம் மல்யுத்தத்தில் ஒருவனுடைய எலும்பை முறித்தால், கிரூமின் வலது கை மோதிர விரல் அரை சென்டிமீட்டர் வளரும். முதலில் வளர்ந்தது 1968 புனித ஜார்ஜ் திருநாள் போட்டியில், பால்பண்ணை வெல்கோவின் விலா எலும்பு முறிந்தபோது. பரிசுக் கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் மனைவி ஸ்லாத்காவிடம் கையைக் காட்டினான். அவள் மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

தலைநகர் சோபியாவிலிருந்து விளையாட்டுக் குழுவினர் அளவுகோலோடு வந்தார்கள். ஆள்காட்டி விரலைவிட மோதிர விரல் நீண்டவன் பிறவி மல்லன் என்பது அவர்கள் கணக்கு. தோள் அகலம், தொடைச் சுற்றளவு, எடை எல்லாம் எழுதிக்கொண்டார்கள். முறிந்த எலும்புகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள் அல்லவா! ஊர்த் தாய்மார்களும் கைக்குழந்தைகளின் மோதிர விரலைச் சூரியகாந்தி எண்ணெய் தடவி இழுக்கத் தொடங்கினார்கள். ஆறு ஆண்டுகளில் பதினான்கு எலும்புகள் முறிந்தன. கடைசியாக முறிந்தது ஒரு கழுத்து. அந்த ஆள் பிழைக்கவில்லை. பிடித்ததை அந்த விரல் விடுவதில்லை, கிரூம் சொன்னாலும் கேட்பதில்லை.

அடுத்த ஜார்ஜ் திருநாளின் இறுதிப் போட்டிக்கு அவனுக்கு எதிராக வந்தவன் சொந்தத் தம்பி லால்யோ. விலகிக்கொள்வதாகக் கிரூம் சொல்லிப் பார்த்தான்.

"பாவம் பாத்து நீ விட்டுக்குடுத்தேன்னு வை, அப்புறம் நீ எனக்கு அண்ணனே இல்ல," என்றான் லால்யோ.

கிரூம் கொல்லைக்குப் போய் விறகு வெட்டும் கட்டையில் கையை வைத்தான்.

"கோடாலிய எடு ஸ்லாத்கா. இது இருந்தா அவன் உசுரோட திரும்ப மாட்டான்."

"கைய ஆட்டாம வை."

ஒரே வெட்டு. துணியை இறுக்கிக் கட்டிவிட்டு அதன் பிறகுதான் அழுதாள்.

மேளமும் சுர்னாக் குழலும் முழங்க, அண்ணனும் தம்பியும் எண்ணெய் பூசி இறங்கினார்கள். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும், தோற்பதற்குச் சாக்கோடு வந்திருக்கிறான் என்று லால்யோவுக்கு ரத்தம் கொதித்தது. அண்ணனின் தோள்பட்டையைத் திருகி முறித்தான். விழுந்தவனை முழங்காலால் இடித்து மூன்று விலா எலும்புகளை உடைத்தான். வாயில் ரத்தம் வழியக் கிடந்த கிரூம், தம்பியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நேராக நின்றது. அவனுக்கு அவ்வளவு நிம்மதி.

கட்டையருகே கிடந்த விரல் அன்று இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தது. பிறகு லால்யோ எந்த ஊரில் எவனுடைய எலும்பை முறித்தாலும் அது வளர்ந்தது. இப்போது ஒரு முழம் இருக்கும். ஸ்லாத்கா அதை இரண்டு வேலிக்கம்புகளுக்கு நடுவே கட்டி, கிரூமின் சட்டையைக் காயப்போடுகிறாள். எவ்வளவு காற்றடித்தாலும் சட்டை விழுவதில்லை.