கேள்விக்குப் பேரம்

மானுடவியல் படிக்கக் கடல் தாண்டி வந்தவள் நான். பழைய நிலைக்கண்ணாடி விற்கும் அக்கா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் என் கள ஆய்வு அவ்வளவுதான், ஒரு வருடம் வீண். மாலை வெயிலில் அவள் கடை நீருக்கடியில் இருக்கும் வீடு போல மினுங்கியது. கண்ணாடிதோறும் மேகங்கள் மெல்ல மிதந்து போயின.

"மொத்தம் எத்தனை கேள்வி?"

"நாப்பதுக்கா."

"அடேயப்பா! பத்து கேளு, போதும்."

"கட்டுப்படியாகாதுக்கா. முப்பது?"

"பதினஞ்சு. அதுக்கு மேல ஏற மாட்டேன்."

நானும் கடைக்காரர் வீட்டுப் பெண்தானே? படிவத்தை மடித்துப் பையில் வைத்து, வாசலை நோக்கி நடந்தேன். கண்ணாடிகளுக்குள் என்னைப் போலவே பத்துப் பேர் கனவில் நடப்பதுபோல் கூட வந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏம்மா, வா இங்க! இருபது. ஆனா முதல்ல நான் ஒண்ணு கேப்பேன்."

"கேளுங்கக்கா."

"உங்கம்மாவ இப்படி உக்கார வெச்சு ஒரு கேள்வியாச்சும் கேட்டிருக்கியா?"

"எங்கம்மாவா? 'எதுக்குடி கேக்கறே'ன்னு திருப்பிக் கேப்பாங்க."

"நான் அப்படிக் கேட்டேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை.

"அம்மாகிட்ட ஒண்ணுகூடக் கேட்டதில்லக்கா" என்றேன்.

"இப்பத்தான் சரியான விலைக்கு வந்திருக்கே" என்றபடி அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள்.