தடுப்புக் கம்பத்துக்கு இந்தப் பக்கம்

என் கணவர் அல்லாலின் ரோஷத்துக்கு மட்டும் வீட்டில் தனியாக ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். மற்றவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

போலந்திலிருந்து அரபி படிக்க வந்த மல்வினா, ஃபெஸ் நகரத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். எங்களை அப்பா, அம்மா என்றே கூப்பிடுவாள். சனி, ஞாயிறு வந்தால் அவளுக்கு எங்கேயாவது ஊர் சுற்ற வேண்டும். இவர் தனியாக விடமாட்டார். "நம்ம உப்பத் தின்ன பொண்ணு. அவளுக்கு ஒண்ணுன்னா நான் தெருவுல தலை காட்ட முடியுமா?" என்று பழைய வெள்ளைக் காரைக் கிளப்பிவிடுவார்.

பெற்ற மகளின் பெயரை நான்கு வருடமாக வாயில் எடுக்காத மனிதரும் இவர்தான். ஏற்கெனவே ஒருமுறை மணமாகி விவாகரத்தான லாரி ஓட்டுநர் ஹம்மூவைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள் எங்கள் நவால். அன்றோடு சரி. இவர் தொழப் போகும் நேரம் பார்த்து நான் மட்டும் அவளோடு போனில் பேசுவேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் மூவரும் தேவதாரு காட்டில் குரங்கு பார்த்துவிட்டுத் திரும்பும்போது பனி கொட்ட ஆரம்பித்தது. ஒரு சின்னக் கிராமத்தில் போலீஸ்காரர்கள் சாலையின் குறுக்கே தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டார்கள்.

"காலைலதான் திறப்போம் ஹாஜி. வண்டிய ஓரங்கட்டுங்க."

அது நவாலின் ஊர். அவள் வீட்டு நீலக் கதவு காரிலிருந்தே தெரிந்தது. இவருக்கும் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் அந்தக் கதவுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தியிருக்க மாட்டார்.

காரில் ஹீட்டர் செத்துப் பல காலம். ஆப்பிரிக்காவில் குளிரே கிடையாது என்று நம்பித் துணி ஷூவோடு வந்தவள் மல்வினா. நனைந்த கால் நீலம் பாரித்துவிட்டது. பற்கள் அடித்துக்கொண்டன.

"பொண்ணு விறைச்சுப் போறா பாருங்க."

"எதையாவது எடுத்துப் போத்திவிடு."

"எத? உங்க ரோஷத்தையா?"

"வாய மூடு."

கண்ணாடியில் தட்டும் சத்தம். தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நவால் நின்றிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள் என் பெண். அப்பா பக்கம் திரும்பவே இல்லை. மல்வினாவிடம் குனிந்து, "இறங்கு தங்கச்சி, உள்ள அடுப்பு எரியுது" என்றாள்.

மல்வினா இவரைப் பார்த்தாள். "அப்பா, போகட்டுமா?"

நவாலின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த வார்த்தையை அவள் சொல்லி எத்தனை காலம்!

"போ" என்றார் இவர், ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே.

நவால் அவளைத் தோளில் தாங்கி அழைத்துப் போனாள். நானும் இறங்கினேன். "நீங்க?"

"இங்கயே கிடக்கேன்."

எனக்கு வந்ததே கோபம்! தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"ஒண்ணு கேக்குறேன். அந்த வீட்டுல ஒரு ஆம்பள இருக்கான். உங்களுக்கு அவன் யாரு?"

"யாருமில்ல."

"அப்ப, யாருமில்லாதவன் வீட்டுல நம்மள நம்பி வந்த வயசுப் பொண்ணப் படுக்க விட்டுட்டு நீங்க கார்ல குறட்டை விடுவீங்க. அவளப் பெத்தவர்கிட்ட இதத்தான் சொல்லப் போறீங்களா?"

"நீ இருக்கல்ல?"

"நானும் பொம்பளதானே, உங்க சட்டப்படி பொம்பள காவல் செல்லுமா? நம்பி விடலாம்னா அது மக வீடுன்னு ஒத்துக்கங்க. இல்லன்னா காவலுக்கு வாங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இவர் கை சாவிக்குப் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. ரோஷத்தில் வண்டியைக் கிளப்பி அந்தப் பனியில் வந்த வழியே திருப்பிவிட்டால்? அப்படியே பிழைத்து வந்தாலும், நான் போனில் பேசும் பேச்சுக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிடுவார். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். "விருந்தாளிக்காக வரேன். உன் மகளுக்காக இல்ல."

"ஆகட்டும்."

உள்ளே போயும் வாசலை ஒட்டியே உட்கார்ந்தார். அங்கியின் தலைமூடியைக்கூட எடுக்கவில்லை. ஹம்மூ வைத்த தேநீர் அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. அடுப்போரம் மல்வினா சூப்புக் கிண்ணத்தோடு தூங்கி வழிந்தாள். அடுக்களை வாசலில் நவால் அந்தத் தேநீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுந்து போய்விடுவாரோ என்று நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

கடைசியில் ஹம்மூதான் வாயைத் திறந்தான். ஆள்தான் மலை மாதிரி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஐயா, இருக்கறது ரெண்டே ரூம். விருந்தாளிக்கு எங்க படுக்கை போடட்டும்?"

இவர் தலையை நிமிர்த்தினார். தன் மருமகனை அப்போதுதான் முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"இதென்ன கேள்வி? என் மக பக்கத்துல படுப்பா" என்றார். கார் சாவியை அவன் முன்னால் விட்டெறிந்தார். "நீ போய்க் கார்ல படு."

நவால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஹம்மூவோ சாவியைப் பொறுக்கிக்கொண்டு பனிக்குள் ஒரே ஓட்டமாக ஓடினான், நின்றால் எங்கே மாமனார் மனசு மாறிவிடுமோ என்று.