லிஃப்ட் வந்தால் கோடு விழும்

கன்ட்ரோல் எஸ்ஸை வைதேகி மறுபடியும் மறுபடியும் அழுத்திக்கொண்டிருக்கும்போதே திரையில் பாதி மயிலைக் காணோம்.

கழுத்து இருந்த இடத்தில் பச்சைக் கட்டங்கள். தோகை முழுக்க ரோஸ் நிறக் கோடுகள். மவுஸின் அம்பு நடுவழியில் உறைந்து நின்றது. 'சேவ் ஆயிடு, சேவ் ஆயிடு' என்று பல்லைக் கடித்தாள். திரை இருண்டது. நீலமானது. கம்ப்யூட்டர் தானே அணைந்து, தானே எழுந்து, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி பாஸ்வேர்டு கேட்டது.

"போச்சா?"

பின்னால் மேனேஜர் தணிகாசலம். கையில் டீ கிளாஸ்.

"போச்சு சார்."

"இன்னிக்கு சாயந்திரம் டிசைன் ஆரணிக்குப் போவணும். தை முகூர்த்தத்துக்குத் தறி ஏத்தணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா சரி." டீயை உறிஞ்சினார். "அது எப்படிம்மா, திங்கக்கிழமை நீ வேலைய விட்டுப் போறேன்ன. செவ்வாக்கிழமை மெஷின் படுத்துக்கிச்சு. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டீங்களா?"

வைதேகி பாஸ்வேர்டை அடித்தாள். தி.நகரில் அந்தப் பட்டுக்கடையின் நாலாவது மாடியில், இந்த ஒரே கம்ப்யூட்டரில், ஐந்து வருஷமாக முந்தானையும் பார்டரும் வரைந்து கொடுத்தவள். அப்போதெல்லாம் ஒரு நாள்கூட மக்கர் பண்ணாத பெட்டி அது. அவள் ராஜினாமா சொன்ன மறுநாளிலிருந்து பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. வெளியே இருந்து பார்க்கிற யாருக்குமே அவள்மேல்தான் சந்தேகம் வரும்.

முதலாளி சண்முகவேல் அண்ணாச்சிக்கு வந்தேவிட்டது. காலையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"மெசினு ஓடணும். டிசைனு தறிக்குப் போவணும். அப்பத்தான் லெட்டர்ல கையெழுத்து. இல்லேன்னா அந்த பெங்களூர்க்காரனுக்கு நானே போனப் போட்டு, இந்தப் பிள்ள இங்க என்ன செஞ்சிட்டு வருதுன்னு சொல்லிருவேன்."

வருகிற திங்கட்கிழமை பெங்களூர்க் கம்பெனியில் சேர வேண்டும். விலகல் கடிதம் இல்லாமல் அவர்கள் உள்ளேயே விடமாட்டார்கள். அண்ணாச்சி ஒரு போன் போட்டால் அந்த வேலை மட்டுமல்ல, இனி எந்த வேலையும் இல்லை.

"இன்னாம்மா, திரும்பவும் கோலம் போட்டுச்சா?"

இனாயத் உள்ளே வந்தான். ரிச்சி தெருக்காரன், கடையின் பில் மெஷினிலிருந்து கேமரா வரை எல்லாவற்றுக்கும் அவன்தான் வைத்தியம். மூன்று நாளாக இங்கேயேதான் கிடக்கிறான். மானிட்டர் மாற்றியாகிவிட்டது. கேபிள் மாற்றியாகிவிட்டது. டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாகிவிட்டது. வைரஸ் தேடியதில் ஒரு கொசுகூடச் சிக்கவில்லை.

"கிராஃபிக்ஸ் கார்டு போயிருக்கும்மா. படம் கிழியுதுன்னா அதான். தொறந்து பாத்தா ஒரே நிமிசம்."

"அண்ணாச்சி தொறக்கக் கூடாதுன்னுட்டாரே."

"அது இன்னா கணக்கு?"

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்ச பெட்டியாம். வெள்ளிக்கிழமை வேறயாம்."

"நேத்து வியாழக்கிழமைதான? நேத்தும்தான் வுடல." இனாயத் பையைக் கீழே வைத்தான். "வாயத் தொறக்காத பேசண்டுக்குப் பல்லு புடுங்கச் சொல்றமாறி கீது."

வைதேகிக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றைய கோப்பைத் திறந்து மயிலின் கழுத்தை மறுபடி வரைய ஆரம்பித்தாள். கை வரைந்தது, காது மட்டும் எதற்கோ காத்திருந்தது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

டம்.

சுவருக்கு அந்தப் பக்கம் சரக்கு லிஃப்ட் வந்து நின்றது. தீபாவளிக்கு வந்த புடவைக் கட்டுகளை யாரோ தரையில் போட்டார்கள். மயிலின் அலகில் ஒரு பச்சைக் கட்டம் முளைத்தது.

வைதேகியின் கை நின்றது.

"இனாயத், இப்போ லிஃப்ட் வந்துச்சில்ல?"

"வந்துச்சு."

"கொஞ்ச நேரம் முன்னால படம் போச்சே, அப்பவும் வந்துச்சு. எனக்கு இப்பத்தான் உறைக்குது."

இனாயத் கண்ணைச் சுருக்கினான். "லிஃப்ட் மோட்டாரு கரண்ட்டை இழுக்கும். வோல்டேஜு பள்ளத்துல வுழும். சரிதான். அப்ப கார்டு இல்ல, கரண்ட்டு."

யூபிஎஸ்ஸின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். இப்போது கம்ப்யூட்டர் பேட்டரியில் மட்டும் ஓடியது. லிஃப்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யூபிஎஸ் 'கீ, கீ' என்று அலறியது. கீழே தெருவில் ஹாரன்கள். லிஃப்ட் இறங்கிய சத்தம். ஏறுகிற சத்தம்.

டம்.

தோகையில் ரோஸ் கோடுகள்.

"கரண்ட்டும் இல்ல," என்றான் இனாயத். அவன் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் பயம். "அப்ப நெசமாவே பேய்தானா?"

வைதேகி எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

கோடுகள் மாறின. கட்டங்கள் இடம் பெயர்ந்தன. இன்னொரு மிதி. திரை இருண்டு, மெஷின் மறுபடி படுத்துக்கொண்டது.

"அட. ஆட்டத்துக்கு ஆடுது," என்றான் இனாயத்.

"வோல்டேஜ் இல்ல, வைரஸ் இல்ல. தரை அதிர்ந்தா படம் போகுது. உள்ள ஏதோ ஒண்ணு ஆடிக்கிட்டு, எங்கயோ படுது." ஸ்விட்சை அணைத்தாள். "ஸ்க்ரூ டிரைவரக் குடு."

"அண்ணாச்சி..."

"குடு இனாயத்."

வாசலில் நின்றிருந்த தணிகாசலத்தின் டீ கிளாஸ் ஜன்னல் விளிம்புக்குப் போனது. அவர் படிக்கட்டுக்குப் போனார். கீழே அண்ணாச்சிக்குத் தகவல் போகிறது. வைதேகி பெட்டியை வெளியே இழுத்தாள். மேல்பக்கத்துக் காற்றுத் துவாரங்களுக்கு அருகே ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முதல் திருகாணி சுலபமாக வந்தது. இரண்டாவது வர மறுத்தது. விரலில் தோல் உரிந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம். திருகாணி கழன்று உருண்டது. பக்கவாட்டுத் தகரத்தை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"ஏ தாயி, தொறக்காத."

சண்முகவேல் அண்ணாச்சி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஆனால் அதற்குள் இனாயத்தின் டார்ச் உள்ளே பாய்ந்துவிட்டது.

கிராஃபிக்ஸ் கார்டு படுக்கையாக நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முதுகின்மேல், தூசியே இல்லாமல் பளபளவென்று, ஒரு செப்புத் தகடு. இரண்டு விரல் அகலம்தான். மேலே கட்டம் கட்டமாகக் கீறல்கள். ஒரு மூலையில் மஞ்சள் நூல். தகட்டின் ஓரம், கார்டின் முதுகில் வரிசையாக இருந்த ஈயப் புள்ளிகளைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது.

"யா அல்லா," என்றான் இனாயத். "செம்பு. கரண்ட்டுக்கு செம்புன்னா மாப்பிள்ளைக்கு மாமியார் வூடு மாறி. கூப்புடாமயே போவும். லிஃப்ட் வந்து குலுக்குது, இது நகருது, அங்க ஒட்டுது, படம் பூட்டுது."

தணிகாசலம் எட்டிப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

"அண்ணாச்சி, இது மந்திரிச்ச தகடு. செய்வினை. வேலைய விட்டுப் போறவ கடைக்கு வச்சுட்டுப் போறா. நான் அன்னிக்கே சொன்னேன்ல? போலீஸக் கூப்புடுங்க."

"நான் வச்சிருந்தா நானே எதுக்கு சார் தொறந்து காட்டுறேன்?" என்றாள் வைதேகி. நூலைப் பிடித்துத் தகட்டை வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள். பெட்டியை மூடாமலே ஸ்விட்சைப் போட்டாள். மயில் வந்தது. "இனாயத், குதி."

இனாயத் குதித்தான். மயில் அசையவில்லை. மறுபடி குதித்தான். லிஃப்ட்டும் தன் பங்குக்கு வந்து 'டம்' என்றது. கழுத்து, அலகு, தோகை எல்லாம் அப்படியே நின்றன.

வைதேகி உட்கார்ந்து வரைந்தாள். கழுத்தை முடித்தாள், சேவ் செய்தாள், ஆரணிக்கு அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. பிறகு திரும்பினாள்.

"அனுப்பியாச்சு அண்ணாச்சி. இப்போ இத யார் வச்சதுன்னு பாக்கணும். இல்லேன்னா நான் எங்க போனாலும் இந்தப் பேச்சு கூடவே வரும்." தலைக்கு மேல் கை காட்டினாள். "கேமரா என் மேஜையத்தான் பாக்குது. திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் போட்டுப் பாத்தா போதும். இனாயத், எடுக்க முடியுமில்ல?"

"இப்பவே எடுத்துத் தர்றேன்."

"அதானே," என்றார் தணிகாசலம் உற்சாகமாக. "போடு, பாத்துருவோம்."

"கேமராவெல்லாம் வேண்டாம்," என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி, விடக் கூடாது..."

"தணிகாசலம், நீ கீழ போயி கவுண்டரப் பாரு. இனாயத்து, நீயும் போயி டீயக் குடிச்சிட்டு வா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனார்கள். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்தார். மேஜையில் வைத்துத் தடவி நேராக்கினார். கையெழுத்துப் போட்டார். காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பெங்களூர்க்காரன் கேட்டா நல்லதா நாலு வார்த்த சொல்லுதேன்."

வைதேகி கடிதத்தைத் தொடவில்லை. காலையில் போலீஸ் மாதிரி நின்ற மனிதர் இப்போது அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் வச்சதுன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

அண்ணாச்சி தகட்டைக் கையில் எடுத்தார். பெட்டியின் தலையில் இருந்த காற்றுத் துவாரத்துக்கு நேரே பிடித்தார். கோயில் உண்டியலில் காசு போடுவதுபோல, அது அந்தச் சந்துக்குள் அளவெடுத்த மாதிரி இறங்கியது. பாதியில் நிறுத்தி வெளியே எடுத்துக்கொண்டார்.

வைதேகி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நீங்களா?"

"பாலவாக்கத்துல ஒருத்தர் மந்திரிச்சுக் குடுத்தாரு. உன் கை தெனமும் படுத சாமானுக்குள்ள போட்டா பலிக்கும்னாரு. இதுதான் மெசினக் கெடுக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நீதான் ஏதோ பண்ணிட்டேன்னு நெசமாவே நெனச்சேன்."

"என்ன பலிக்கணும்னு அண்ணாச்சி? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"கெடுதலா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "வாயத் தொறந்து கேக்க எனக்கு வரல தாயி. நீ இந்தக் கடைய விட்டுப் போயிரக் கூடாதுன்னு போட்ட தகடு இது."