விரயத்துக்கு ஓர் உபகுழு

உடுப்பிட்டிச் சந்தியிலிருந்து சற்று உள்ளே தள்ளி நின்ற அந்தச் சனசமூக நிலையத்தின் மூன்று அறைகளுக்குமாக ஒரேயொரு மின்குமிழ்தான் இருந்தது. அதுவும் தலைவர் அருளம்பலத்தாரின் சட்டைப் பையில் இருந்தது. எந்த அறைக்கு வெளிச்சம் தேவையோ அந்த அறைக்கு அவர் நடந்துபோய், கதிரையில் ஏறிக் குமிழை மாட்டுவார். வேலை முடிந்ததும் சால்வைத் தலைப்பால் சூட்டோடு கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார். பதினான்கு ஆண்டுகளாக இந்த ஒழுங்கில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை.

பழைய கட்டடங்களில் மின்சாரமும் தண்ணீரும் வீணாவதைக் குறைக்கும் திட்டமொன்றிலிருந்து வந்திருந்த பொறியியலாளர் உதயகலா, அந்தப் பையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மற்ற பல்புகள் எங்கை ஐயா?"

"ஒரு நேரத்திலை ஒரு அறையிலைதானே பிள்ளை ஆள் இருக்கிறது."

அவள் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கை கழுவிய நீர் வாழைக்குப் போயிற்று. வாழைக்குப் போய் மிஞ்சியது கறிவேப்பிலைக்குப் போயிற்று. தாங்கி ஒருநாளும் வழிந்ததில்லை, ஏனெனில் அதை ஒருநாளும் நிரப்பியதில்லை. அருளம்பலத்தார் பாராட்டுக்காகக் காத்து நின்றார். உதயகலாவோ பேனையை மூடினாள்.

"உங்கடை கட்டடத்துக்கு எங்களாலை ஒண்டும் செய்யேலாது ஐயா. பாவனையிலை மூண்டிலை ஒரு பங்காவது விரயமாப் போகவேணும். அதைக் குறைக்கத்தான் உதவி. இங்கை விரயமே இல்லை."

அவருக்கு வேண்டியிருந்தது கூரை. கூடத்தில் இயங்கிய முன்பள்ளியின் இருபத்திரண்டு பிள்ளைகளும் பத்து மணிக்கு மேல் தகரத்தின் கீழ் வெந்துகொண்டிருந்தார்கள். வருகிற தைக்குள் கூரை மாறாவிட்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வல்வெட்டித்துறை வீதியிலுள்ள மாடிக் கட்டடத்துக்குப் போய்விடுவதாக ஆசிரியை மகாதேவி சொல்லிவிட்டார். அவர் போனால் எஞ்சுவது ஒரு பத்திரிகையும் அதைப் பகிர்ந்து வாசிக்கும் மூன்று முதியவர்களுந்தான். கூரைக்குத் தான் பொறுப்பென்று அருளம்பலத்தார் மகாதேவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அப்ப வீணாக்கிறவனுக்குத்தான் கூரையோ?"

"திட்டம் அப்பிடித்தான் ஐயா. தண்ணிக்கும் கரண்டுக்கும் மீற்றர் பூட்டிவிட்டுப் போறன். மூண்டு மாதத்துக்குப் பிறகு வந்து பாப்பன். அதுக்கு மேலை நான் ஒண்டும் சொல்லேலாது."

அன்று பின்னேரமே நிர்வாகக் குழு கூடியது. மூன்று மாதங்களுக்கு விரயம் செய்வதென்றும், அதற்கென உபகுழு ஒன்றை அமைப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தண்ணீருக்குக் குழுவின் இளையவன் றெஜி, மின்சாரத்துக்குச் செயலாளர் பஞ்சலிங்கம், மேற்பார்வைக்கு அருளம்பலத்தார்.

"அண்ணை, உங்களாலை இது ஏலுமோ?" என்று பஞ்சலிங்கம் கேட்டார். "தேய்ஞ்ச சவுக்காரத்தைப் புதுச் சவுக்காரத்திலை ஒட்டிக் குளிக்கிற மனிசன் நீங்கள்."

"கூரைக்காக ஏலும்," என்றார் அருளம்பலத்தார். அவருடைய முகம் மரண வீட்டுக்குப் புறப்படுகிறவரின் முகம் போலிருந்தது.

மறுநாட் காலை றெஜி பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டான். கால் மணித்தியாலம் செல்லுமுன்னர் அடுத்த வளவுப் பத்மாசினி இரண்டு குடங்களோடு வந்து நின்றாள். மத்தியானத்துக்குள் யாரோ மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி, அந்தத் தண்ணீரை வெங்காயத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். நான்காம் நாள் தோட்டக்காரர் கோபிசங்கர் படலையடியில் வந்து நின்று, மிகுந்த மரியாதையுடன் விசாரித்தார்.

"அண்ணை, நாளைக்கு எத்தினை மணிக்கு விரயம் செய்வியள்? அதுக்கேத்த மாதிரிப் பாத்தி கட்டத்தான்."

மின்சாரத்தின் கதையும் அதுதான். பஞ்சலிங்கம் ஆறு குமிழ்கள் வாங்கிப் பட்டப்பகலில் எரியவிட்டார். இரண்டாம் நாள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் இரண்டு பெண்கள் புத்தகங்களோடு வந்தார்கள். கிழமை முடிவதற்குள் அவர்கள் ஒன்பது பேராகி, கணக்கு வாத்தியார் ஒருவரையும் பிடித்துவிட்டார்கள். வெளிச்சம் வீணாவதற்கு இடமில்லாதபடி நிலையம் நிறைந்திருந்தது.

"சனம் ஒரு விரயம் செய்ய விடுதில்லை அண்ணை," என்று பஞ்சலிங்கம் மனம் நொந்து சொன்னார். "படிக்கிற பிள்ளையளை எழும்பு எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மூன்றாம் வாரம் கிணற்று நீரில் இலேசான உவர்ப்புத் தட்டியது. ஊருக்கே நல்ல தண்ணீர் கொடுத்த கிணறு அது. அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அருளம்பலத்தார் அன்றே பின்பக்கக் குழாயைப் பூட்டுவித்தார். மூன்றாம் நாள் பத்தடிப் பைப் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

அவர் கண்டுபிடித்த வழி மிக எளியது. மோட்டர் கிணற்றிலிருந்து தண்ணீரை இழுத்தது. தண்ணீர் மீற்றருக்குள் புகுந்து வெளிவந்தது. பின்னர் அந்தப் பைப் வழியாகக் கிணற்றுக்குள்ளேயே விழுந்தது. மீற்றரின் இலக்கங்கள் பறந்தன. கிணறோ ஒரு சொட்டும் குறையவில்லை. எவருக்கும் பயன்படாத, எவராலும் களவெடுக்க முடியாத, கலப்பற்ற விரயம். அருளம்பலத்தார் தினமும் கிணற்றுக் கட்டில் அமர்ந்து, தண்ணீர் தன் வீட்டுக்குத் தானே திரும்பி வருவதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார். உவர்ப்பும் மெல்ல மறைந்தது.

சித்திரை வெயிலில் உதயகலா மறுபடி வந்தாள். மீற்றரைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தாள்.

"இவ்வளவு தண்ணியும் எங்கை போகுது ஐயா?"

"கிணத்துக்கு."

"எங்கையிருந்து வருது?"

"கிணத்திலையிருந்துதான்."

அவள் பைப்பைத் தொடர்ந்து போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, சிரிக்காமல், படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். விரயத்தின் காரணம்: பைப். பரிகாரம்: பைப்பைக் கழற்றுதல். எதிர்பார்க்கப்படும் சேமிப்பு: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வீதம்.

"இதுவரைக்கும் நான் எழுதினதுக்குள்ளை இதுதான் கூடின சேமிப்பு ஐயா."

"அப்ப கூரை?"

"விரயத்துக்கு எது காரணமோ அதைத்தான் மாத்தித் தருவம். உங்கடை விரயத்துக்குக் கூரை காரணமில்லை. பைப்பைக் கழட்ட ஒரு ஆளை அனுப்புவம்."

"பத்தடிப் பைப் மிச்சம் அண்ணை," என்றார் பஞ்சலிங்கம். அருளம்பலத்தார் போய் மோட்டரை நிறுத்தினார். மூன்று மாதங்களாக மோட்டரின் இரைச்சலை ஒரு நோவைப் போல அவர் நெஞ்சில் தாங்கியிருந்தார். அத்தனையும் ஒரு பைப்பைக் கழற்றுவதற்காக.

கையொப்பத்துக்காக எல்லோரும் கூடத்துக்குள் போனார்கள். பிள்ளைகள் வேர்வை வழியப் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். உதயகலா கொப்பியால் முகத்துக்கு விசிறினாள்.

"இந்த வெக்கைக்கு ஒரு ஃபானாவது போடக் கூடாதோ?"

"ஃபான் இருக்கு," என்றார் மகாதேவி. "மேலை பாருங்கோ."

கூடத்தின் நடுவே மின்விசிறியொன்று தொங்கியது. அதன் மூன்று இதழ்களும் வந்த நாளில் சுற்றியிருந்த பொலித்தீனுக்குள்ளேயே இருந்தன. லண்டனிலிருக்கும் ஊரவர் ஒருவர் எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அன்பளிப்புச் செய்தது.

"கழட்டினாத் தூசி பிடிக்குமாம். ஐயா விடுறேல்லை."

உதயகலா படிவத்தை மேசையில் வைத்தாள்.

"ஐயா, நீங்கள் இதைப் போட்டிருந்தா நான் கூரை எண்டு எழுதியிருப்பனே. கூரை சுடுறதாலை ஃபான் ஓடுது. ஃபான் ஓடுறதாலை கரண்டு வீணாப் போகுது. எங்களுக்குத் தேவையான விரயம் அதுதான். திட்டம் ஆடி முடியும் மட்டும் கிடக்கு. இண்டைக்குத் தொடங்கினாலும் மூண்டு மாதம் வரும்."

தண்ணீரைச் சுற்றவிடத் தெரிந்த அருளம்பலத்தாருக்குக் காற்றைச் சுற்றவிடலாம் என்பது ஒருமுறையேனும் தோன்றியிருக்கவில்லை. அவர் கதிரையில் ஏறினார். பொலித்தீனைக் கிழிக்காமல் உருவி, நான்காக மடித்து மகாதேவியின் கையில் கொடுத்தார். இறங்கிவந்து சுவிச்சைப் போட்டு, வேகத் திருகியை ஒன்றில் வைத்தார். விசிறி அசைந்தது. இருபத்திரண்டு தலைகள் மேலே நிமிர்ந்தன.

"ஒண்டிலையே நல்ல காத்து வருது," என்றார்.

"ஒண்டிலை ஓடினா இரண்டு தகரம் மாத்தத்தான் காணும் ஐயா. ஓடுற அளவுக்குத்தான் கூரை."

அவர் இரண்டுக்குத் திருப்பினார். படத்தாள்கள் மேசையை விட்டு எழுந்தன. மூன்றில் ஒரு சிறுமி எழுந்து கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றாள். நான்கில் மகாதேவி கதிரையில் சாய்ந்து கண்களை மூடினார்; அவருடைய நெற்றி மயிர் பறந்தது.

அருளம்பலத்தார் திருகியைப் பிடித்தபடியே நின்றார்.

"இன்னும் எத்தினை தகரம் கிடக்கு பிள்ளை?"

"அந்த மூலையிலை ஆறு, ஐயா."

அந்த மூலையில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். அவர் ஐந்துக்குத் திருப்பினார்.