ஓடும் மெஷினைத் தொடாதே

எனக்குக் கோபம் வந்தால் எதிரே இருப்பது மனுசனா மெஷினா என்று பார்க்க மாட்டேன். அன்றைக்கு ஒரு ஜோடி கையுறையைத் திட்டித் தீர்த்தேன்.

ராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லுக்குப் புதிதாக வருகிறவர்கள் இனி நேரே மெஷினில் கை வைக்க முடியாது. முகத்தை மூடும் பெரிய கண்ணாடியும் அந்தக் கையுறையும் மாட்டித்தான் பழக வேண்டும். கண்ணாடிக்குள் மெஷின் ஓடும். அறுந்த நூலைப் பிடித்தால் கையுறை விரலை அழுத்தும். நிஜமாகவே நூல் கையில் இருக்கிற மாதிரி இருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்க மில்லிலேயே ஒரு ஆள் வேண்டும். பகல் வேலை மட்டும். பரீட்சையில் தேறினால் எனக்கு, தவறினால் அடுத்து நிற்கும் வெள்ளத்தாய்க்கு.

அந்தப் பகல் வேலைக்காகத்தான் முண்டியடித்து முன்னே நின்றேன். என் வீட்டுக்காரர் விஜயபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மினிபஸ் ஓட்டுகிறார். அவருக்குப் பகல், எனக்கு நைட் ஷிப்ட். கல்யாணமானதிலிருந்து நாங்கள் பேசியதெல்லாம் வாசலில் சாவியைக் கைமாற்றும்போதுதான். "சோறு மூடி வச்சிருக்கேன்." "சரி புள்ள, பாத்துப் போ." இதுக்குப் பேர் குடும்பமா?

பயிற்சி கொடுக்க வந்திருந்த ஜெபக்குமார் சார் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். மெஷின் முன்னால் நின்றதுதான் தாமதம், கண்ணாடியெல்லாம் சிவப்பு. 'ஓடும் மெஷினைத் தொட்டீர்கள். தேர்ச்சி இல்லை.'

"நான் எங்க சார் தொட்டேன்? நூலு இன்னும் அறுந்தே போகலையே!"

"நூலையும் அதைச் சுத்துற பாபினையும் தவிர எதைத் தொட்டாலும் சிவப்பு வரும்க்கா. இன்னொரு தடவை பாப்போம்."

மறுபடியும் சிவப்பு. வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"இந்தக் கருமம் பிடிச்ச கிளவுஸுக்கு என்னையக் கண்டாலே ஆகல சார். எம்புட்டு வருசமா நூல் ஒட்டுற கை இது! எனக்கே சொல்லித் தருதா?"

"கடைசியா ஒரு தடவை இருக்குக்கா. செத்த நேரம் உக்காந்து தண்ணி குடிங்க."

போய் உட்கார்ந்தேன். இன்றைக்கும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. அப்போது வெள்ளத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி, உள்ள போனதும் நீ என்ன செய்யுதன்னு உனக்குத் தெரியுமா? மெஷினைத் தொட்டுக் கும்பிடுத!"

அட ஆமாம்! ஷிப்டுக்குள் நுழைந்ததும் மெஷின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அது பாட்டுக்கு நடக்கும், கைக்கே தெரியாது. ரெண்டு தடவையும் கண்ணாடியில் ஏதோ இடித்ததே, அது என் கைதானா!

"அடுத்த ஆளு நீதான? பேசாம இருந்திருக்கலாமேட்டி?"

"இருந்தா? நானும் போய்க் கும்பிட்டுத்தான் நிப்பேன்" என்றாள் அந்த மகராசி. அவளைக் கட்டிக்கொண்டேன்.

கும்பிடாமல் வேலையைத் தொடங்கவும் மனசு வரவில்லை. யோசித்தேன். மாட்டுவதற்கு முன்னால் அந்தக் கையுறையையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திட்டினதுக்கு மன்னிப்பும் கேட்டேன். ஜெபக்குமார் சார் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

உள்ளே கை சொன்னபடி கேட்டது. நூல் அறுந்தது, பிடித்தேன், ஒட்டினேன். எல்லாம் பச்சை.

அன்று சாயங்காலம் விஜயபாண்டி வந்தபோது நான் நைட்டியில் அடுப்படியில் நின்றேன். அவர் வழக்கம்போல் சாவிக்குக் கையை நீட்டினார்.

"சாவி எதுக்கு? நான்தான் வீட்டுல இருக்கேனே."

"வேலைக்குப் போகலையா புள்ள? மேலுக்கு முடியலையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கும்பிட்ட கதையைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு நீட்டிய கையால் என் கன்னத்தைத் தொட்டு, காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவாரே, அதேபோல் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஓடுற மெஷினைத் தொடக் கூடாது மச்சான். பெயிலு!" என்றேன்.

"பெயிலாப் போனாப் போகுது" என்று இன்னொரு தடவை தொட்டார்.